மொய் நோட்டில் விழுந்த தவணை

ஐயா எழுதிய மொய் நோட்டுகளில் என் கைக்கு வந்தவற்றுள் பழையது 1948 வைகாசியில் தொடங்குகிறது. எங்கள் பக்கத்தில் ஐயா என்றால் அப்பாவைப் பெற்றவர். நீளவாக்கில் மடித்துத் தைத்த நோட்டு. நான்கு மூலையிலும் மஞ்சள், தலையில் பிள்ளையார் சுழி. முதல் வரியில் ஒன்று என்று எண் போடாமல் 'லாபம்' என்று எழுதியிருக்கிறார். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு அப்படித்தான் சொல்வார்கள். பெரிய அத்தையின் கல்யாண மொய்யையும் அவர் அப்படித்தான் தொடங்கினார். தாய்மாமன் ஐந்து ரூபாய். அடுத்தவர் ஒன்றேகால் ரூபாய். பிறகு எட்டணா, நாலணா. ஒரு பெயருக்கு நேரே பணம் இல்லை, 'தேங்காய் 2, வெற்றிலை 1 கவுளி' என்றிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் 'ஆக ரூ. 143 அணா 6'.

அந்தக் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு, மார்ச் 3 அன்று, எங்கள் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்திருந்தது. ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்று மூன்று தாலுக்காக்களைக் கொண்ட அந்தச் சின்ன ராஜ்யம் திருச்சி ஜில்லாவுக்குள் போனது. நோட்டில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மொய் நோட்டில் ஊர், பேர், தொகை மூன்றுக்கும்தான் இடம்.

நான் சொல்ல வந்தது தொகையைப் பற்றி அல்ல. ஏறக்குறைய ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் வேறு வேறு மையில், வேறு வேறு காலத்தில், 'செ' என்று ஒரு எழுத்தும் ஒரு மாதமும் ஆண்டும் இருக்கின்றன. 'செய்தாச்சு' என்பதன் சுருக்கம் அது. அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போய் நாங்கள் திருப்பிச் செய்த நாள். முதல் 'செ' அதே வருஷம் ஆவணியில் விழுந்திருக்கிறது. கடைசி 'செ' 1971 தையில். ஒரு ரூபாய் மொய்யை 23 ஆண்டு கழித்துத் திருப்பியிருக்கிறோம். நடுவில் அந்த வீட்டில் கேட்கவில்லை, எங்கள் வீட்டில் மறக்கவும் இல்லை.

முப்பத்தைந்து ஆண்டு கல்லூரியில் நிதிப் பாடம் நடத்திய எனக்கு அந்த 'செ' எழுத்துகள் எந்தப் பாடநூலுக்கும் குறைந்தவை அல்ல.

நயா பைசா வந்த 1957-ல் நான் பிறந்தேன். ஆலங்குடியில் பள்ளி. புதுக்கோட்டை தனி மாவட்டமான 1974-ல், தீரர் சத்தியமூர்த்தி படித்த மன்னர் கல்லூரியில் பி.காம். சேர்ந்தேன். ஆலங்குடியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கல்லூரி. எங்கள் குடும்பத்தில் வணிகம் படித்தவர் யாரும் கிடையாது. கடலையும் வாழையும் பலாவும்தான். நான் ஏன் பி.காம். எடுத்தேன் என்றால், ஐயாவுக்குக் கண் மங்கிய பிறகு ஏழெட்டு வயதிலிருந்து அவருக்கு மொய் நோட்டு படித்துக் காட்டியது நான்தான். 'அந்த கொத்தமங்கலத்தாருக்கு எம்புட்டு அப்பு நிக்கிது?' என்று கேட்பார். தேடிச் சொல்வேன். பேரேடு என்ற சொல்லைக் கல்லூரியில் கேட்டபோது எனக்கு அது புதிதாக இல்லை.

1977-ல் பட்டம் வாங்கினேன். அன்றைக்குத் திருச்சிப் பக்கத்துக் கல்லூரிகளெல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. பாரதிதாசன் பல்கலைக்கழகம் வந்தது 1982-ல்தான். அதே 1977-ல், அதே சென்னைப் பல்கலைக்கழகத்தில், லயோலா கல்லூரியிலிருந்து பி.காம். முடித்த ஒரு மாணவரின் பெயரைப் பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்துகொண்டேன். அஸ்வத் தாமோதரன். அவர் பெங்களூர் ஐ.ஐ.எம்.முக்குப் போனார். அங்கிருந்து லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் போய் 1981-ல் எம்.பி.ஏ., 1985-ல் முனைவர் பட்டம். பெர்க்லியில் இரண்டு ஆண்டு. 1986 முதல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் பள்ளியில் கார்ப்பரேட் ஃபைனான்ஸும் நிறுவன மதிப்பீடும் நடத்தி வருகிறார். நான் திருச்சியில் எம்.காம். முடித்து 1980-ல் ஒரு கல்லூரியில் சேர்ந்து, 2015 வரை அங்கேயே இருந்தேன்.

தாமோதரன் தன் வகுப்புகளையும் கணக்குத் தாள்களையும் தரவுகளையும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இலவசமாக வைத்திருக்கிறார். ஓய்வுக்கு நாலு வருஷம் முன்பு ஒரு மாணவன் மடிக்கணினியில் கொண்டுவந்து காட்டினான். இருவரும் உட்கார்ந்து ஒரு மாலை முழுக்கப் பார்த்தோம். பாடத்தின் மொத்தத்தையும் அவர் மூன்று கேள்விகளில் அடக்குகிறார். பணத்தை எதில் போடுவது? அந்தப் பணத்தை எங்கிருந்து, எவ்வளவு கடனாக, எவ்வளவு சொந்தமாகத் திரட்டுவது? பணத்தைப் போட நல்ல வழி இல்லையென்றால் எவ்வளவை உரிமையாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவது? முதலீடு, நிதி திரட்டல், பங்கு ஈவு. பெரிய கம்பெனியும் பெட்டிக்கடையும் இந்த மூன்றுக்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும் என்கிறார். அன்று இரவு வீட்டுக்குப் போய் ஐயாவின் நோட்டைப் பரணிலிருந்து எடுத்தேன்.

மறுவாரம் வகுப்புக்கு அதைக் கொண்டுபோனேன். மூலதனச் செலவு என்ற பாடம். ஐ.எம். பாண்டேயின் புத்தகத்திலிருந்து சூத்திரம் எழுதினால் மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள், மார்க்கும் வாங்குவார்கள். அவர்களில் பாதிப்பேர் அறந்தாங்கி, கறம்பக்குடி, பேராவூரணிப் பக்கத்துப் பிள்ளைகள். 'உங்க வீட்ல மொய் விருந்து போட்டிருக்கீங்களா?' என்று கேட்டேன். மொய் வாங்குவதற்கென்றே போடும் விருந்து அது. நாலைந்து கை உயர்ந்தது. 'அதுக்கு வட்டி எவ்வளவு?' என்றேன். 'வட்டியே இல்லை சார்!' என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தப் பதிலிலிருந்துதான் என் பாடமும், இந்தக் கட்டுரையும் தொடங்குகின்றன.

வரலாற்றைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். சமஸ்தானத்தில் ஒரு காலத்தில் அமானி முறை இருந்தது. விளைந்ததை அரசும் குடியானவனும் களத்திலேயே பங்கு போட்டுக்கொள்வது. 1878-ல் திவானாக வந்த அ. சேஷையா சாஸ்திரி அதை ஒழித்துப் பணமாகத் தீர்வை கட்டும் முறையைக் கொண்டுவந்தார். அதிகாரிகளின் பிடுங்கலிலிருந்து குடியானவனுக்கு விடுதலை கிடைத்தது, சந்தேகமில்லை. ஆனால் நெல்லாகக் கொடுத்தவன் இனிமேல் காசாகக் கொடுக்க வேண்டும், அதுவும் குறித்த நாளில். காசு எங்கே இருந்தது? சமஸ்தானத்துக்குச் சொந்தமாக அம்மன் காசு என்று ஒரு செப்புக் காசு உண்டு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் விஜய. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துக் கொடுப்பார்கள். ஓர் அணாவுக்கு இருபது. அம்மன் காசை வைத்துச் சாமி கும்பிடலாம், கிணறு வெட்ட முடியாது.

தெற்கே திருமயம் தாலுக்காவில் செட்டியார்களான நகரத்தாரின் ஊர்கள். உலகம் கண்ட சிறந்த நிதித் தொழில் வல்லுநர்களில் அவர்களுக்கு இடம் உண்டு என்று நான் தயங்காமல் சொல்வேன். தன் கைப்பணத்துக்கு முதல் பணம் என்றும், பிறர் நம்பி ஒப்படைத்த பணத்துக்கு மேம்பணம் என்றும் அவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். சொத்தும் கடனும் சேர்த்துக் கட்டும் கணக்குக்கு ஐந்தொகை. இன்று வகுப்பில் பங்கு மூலதனம், கடன் மூலதனம் என்று பிரித்து நடத்தும் பாடம் அந்த இரண்டு சொற்களில் இருக்கிறது. 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் செட்டியார்களின் பணம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று அங்கே அமைந்த வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. 1937 பிப்ரவரி 10 அன்று எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் கதவைத் திறந்தது.

ஆனால் அந்தப் பணம் பர்மாவின் ஐராவதி ஆற்று வயல்களுக்குப் போனதே தவிர, ஆலங்குடிக்குக் கிழக்கே உள்ள செம்மண் காட்டுக்கு வரவில்லை. மழையை நம்பிய நிலத்துக்கு யார் கடன் கொடுப்பார்கள்? எங்களுக்கு வாய்த்தது உள்ளூர் வட்டிக்காரர். 'நூத்துக்கு ரெண்டு' என்றால் மாதத்துக்கு இரண்டு, வருஷத்துக்கு இருபத்து நாலு. அவசரம் முற்றினால் ஐந்து, பத்து. பத்து என்றால் வருஷத்துக்கு 120 விழுக்காடு. 1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆன பிறகும் பயிர்க்கடனும் நகைக்கடனும் வந்தனவே ஒழிய, நிலப் பத்திரம் பிரிபடாத ஒரு குடும்பத்துக்குக் கல்யாணச் செலவுக்கோ ஆழ்துளைக் கிணற்றுக்கோ மொத்தமாகப் பணம் கிடைக்க வழி இல்லை.

அந்த இடத்தை மொய் நிரப்பியது. மொய்த்தல் என்றால் கூடுதல், திரள்தல். ஊர் கூடி ஒருவர் கையில் சேர்ப்பது மொய். கல்யாணம், காதணி விழா, வீடு குடிபுகுதல், பெண் சடங்கு எல்லாவற்றிலும் உண்டு. ஐயா காலத்து மொய்க்குத் தவணை கிடையாது. அவர்கள் வீட்டில் விசேஷம் வரும்போது திருப்ப வேண்டும். விசேஷம் வராவிட்டால் பணம் நிற்கும், 23 வருஷமானாலும். கார்ப்பரேட் ஃபைனான்ஸில் ஒரு பணம் கடனா பங்கா என்று பார்க்கக் கேட்கும் முக்கியக் கேள்விகளில் ஒன்று, அதைத் திருப்ப நாள் குறித்திருக்கிறதா என்பது. நாள் குறிக்காத, கெட்ட வருஷத்தில் கேட்காத பணம் பங்கைப் போன்றது. ஐயா எழுதிய பெரிய அத்தை கல்யாண மொய் ஊர் ஜனம் எங்கள் குடும்பத்தில் போட்ட பங்கு என்றே நான் நினைக்கிறேன்.

அது கடனாக மாறியது என் கண் முன்னால். எழுபதுகளின் நோட்டுகளில் காதணி விழாக்கள் திடீரென்று பெருகுகின்றன. பேராவூரணிப் பக்கத்திலிருந்து தொடங்கி கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் என்று எங்கள் ஆலங்குடி தாலுக்காவுக்குள் மொய் விருந்து பரவிய கதை இது. பணம் தேவைப்பட்டவர்கள் ஒரு குழந்தைக்குக் காது குத்துவதாகப் பத்திரிகை அடித்துக் கறிச்சோறு போட்டு மொய் வாங்கினார்கள். காது குத்தக் குழந்தை இல்லாதவர்கள் அக்கா மகன், தங்கை மகள் பெயரில் போட்டார்கள். பிறகு அந்தப் பெயரும் தேவைப்படவில்லை. பத்திரிகையிலேயே 'மொய் விருந்து' என்று அச்சடிக்கத் தொடங்கினார்கள். ஆடி மாதம் அதற்குத் தோதாக அமைந்தது. ஆடியில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், மண்டபம் காலியாகக் கிடக்கும், பந்தல்காரரும் சமையல்காரரும் சும்மா இருப்பார்கள். ஆடியிலும், மீதி ஆவணியிலும் நடக்கும்.

அதோடு ஒரு விதி வந்தது. ஒருவர் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறைதான் விருந்து போடலாம். அந்த ஐந்து வருஷத்துக்குள் வாங்கிய மொய்யையெல்லாம் மற்றவர்களின் விருந்துகளில் திருப்பிவிட வேண்டும். வாங்கியதை மட்டும் திருப்பினால் கணக்கு முடிந்தது, உறவும் ஏறக்குறைய முடிந்த மாதிரிதான். தொடர வேண்டுமானால் மேலே கொஞ்சம் சேர்த்துச் செய்ய வேண்டும். அதற்குப் புது நடை என்று பெயர். ஆயிரம் வாங்கியவர் ஆயிரத்தைத் திருப்பி, ஐநூறு புது நடை போட்டால், அந்த ஐநூறு இனி எதிராளி மேல் கடன். பலரும் புது நடையை வட்டி என்று நினைக்கிறார்கள். அது வட்டி அல்ல. அடுத்த சுற்றுக்கான புதுக் கடன்.

ஐயாவின் நோட்டில் 23 ஆண்டு நின்ற மொய், என் சித்தப்பாவின் 1996 நோட்டில் ஐந்தாவது ஆண்டைத் தாண்டவில்லை. மொய்யின் வரலாறு தவணை விழுந்த வரலாறு. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஏன் அந்தக் காலத்தில் விழுந்தது? கிணறு. நிலத்தடி நீர் இறங்க இறங்க, திறந்த கிணறு வற்றி ஆழ்துளைக் கிணறு வந்தது. அதைப் பாதி ஆழத்துக்குப் போட முடியாது. மோட்டார், குழாய், போர் வண்டிக் கூலி எல்லாம் ஒரே நாளில் கையில் இருக்க வேண்டும். மாதம் நூறு ரூபாய் சேமிப்பவருக்கு அது பல வருஷக் காத்திருப்பு. ஐந்நூறு பேர் ஒருவருக்கு ஒரே நாளில் கொடுத்தால் இன்றைக்கே தண்ணீர். இந்த வகை ஏற்பாடு உலகம் முழுக்க இருக்கிறது. கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் என்ற மானிடவியலாளர் 1962-ல் இவற்றைச் சுழற்சிக் கடன் சங்கங்கள் என்று வகைப்படுத்தி எழுதினார். பெஸ்லி, கோட், லௌரி என்ற மூன்று பொருளியலாளர்கள் 1993-ல் இதற்குக் கணிதம் எழுதினார்கள். பிரித்து வாங்க முடியாத பெரிய பொருளை, கடைசி முறைக்காரரைத் தவிர மற்ற எல்லாரும், தனித்தனியாகச் சேமித்து வாங்குவதைவிடச் சீக்கிரமாக வாங்க இது வழி செய்கிறது என்பது அவர்கள் முடிவு. வடகாட்டில் போர் போட்டவர்கள் அவர்களுக்கு முன்பே அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். சீட்டுக் கம்பெனிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இங்கே ஏலம் இல்லை, கமிஷன் வாங்கும் சீட்டுக்காரர் இல்லை, பதிவு இல்லை. நோட்டு மட்டும்தான்.

இனி அந்த வட்டிக் கேள்வி. வகுப்பில் கரும்பலகையில் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். ஒருவருக்கு மொய் 10 லட்சம் விழுகிறது. ஆடு, அரிசி, பந்தல், பத்திரிகை, ஒலிபெருக்கி எல்லாம் சேர்த்துச் செலவு ஒன்றரை லட்சம். கையில் நிற்பது எட்டரை லட்சம். ஆனால் திருப்ப வேண்டியது 10 லட்சம். வருஷத்துக்கு 2 லட்சம் வீதம் ஐந்து வருஷம் என்று வைத்துக்கொள்வோம். எட்டரை லட்சம் வாங்கி 10 லட்சம் கட்டுகிற கடனுக்கு என்ன வட்டி? கணக்குப் போட்டால் ஆண்டுக்கு சுமார் 5.7 விழுக்காடு. செலவு இரண்டரை லட்சமாகிவிட்டால் அதே மொய்யின் வட்டி 10 விழுக்காட்டைத் தாண்டுகிறது. பத்துப் பேர் சேர்ந்து ஒரே மண்டபத்தில் ஒரே சாப்பாடாகப் போட்டு, ஆளுக்கு ஐம்பதாயிரத்தில் முடித்தால் 2 விழுக்காட்டுக்கும் கீழே.

கணக்கு முடிந்தபோது பேராவூரணிப் பிள்ளை ஒருவன் எழுந்து, 'அதான் சார் எங்க ஊர்ல எல்லாரும் கூட்டா போட ஆரம்பிச்சிட்டாங்க' என்றான். சூத்திரம் தெரியாத ஊர் செலவைப் பங்கிட்டுத் தன் கடனின் வட்டியைக் குறைத்துக்கொண்டது. என் ஆசிரிய வாழ்க்கையில் அந்த வகுப்புக்கு நிகராக நான் நடத்திய வகுப்பு வேறு இல்லை.

ஆக, மொய்க்கு வட்டி உண்டு. அந்த வட்டி ஆட்டுக்கறியாக ஊருக்குள்ளேயே சாப்பிடப்படுகிறது. கொடுத்தவருக்கு அது போவதில்லை. கொடுத்தவருக்கு என்ன கிடைக்கிறது? ஆயிரம் கொடுத்து நாலு வருஷம் கழித்து ஆயிரம் வாங்குகிறார். விலைவாசி ஏறியிருக்கும், அவருக்கு நட்டம். தன் முறை வரும்போது அவர் மற்றவர்களின் வட்டியில்லாப் பணத்தை அனுபவிப்பார் என்பதுதான் ஈடு. முறை வராதவர்கள்? விருந்து போடத் தெம்பு இல்லாத விதவைகள், கூலிக்காரர்கள், பிள்ளையில்லாதவர்கள் பலர் கௌரவத்துக்காக வருஷா வருஷம் செய்துகொண்டே இருந்து, வாங்காமலே போகிறார்கள். ஐயா நோட்டில் 'தேங்காய் 2' கொடுத்தவருக்கும் இடம் இருந்தது. இன்றைய விருந்தில் அந்த இடம் இல்லை. எங்கள் வழக்கத்தை வட்டியில்லா வங்கி என்று புகழ்ந்து எழுதுபவர்கள் இந்த ஒரு பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விருந்தைப் பார்க்காதவர்களுக்குச் சில வரி. காலை பத்து மணிக்கே ஊருக்கு ஒரு மேசையாக மொய் எழுதுபவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். 'ஊரு? பேரு? அப்பா பேரு? தொகை?' என்று நான்கே கேள்வி. பேர் ஒன்றுபோல் இருந்தால் பட்டப்பேரையும் சேர்த்து எழுதுவார்கள். எழுதுபவருக்குப் பக்கத்தில் பணம் வாங்கிப் போட ஒருவர், அண்டாவோ பித்தளைக் குடமோ முன்னால். சாப்பிட்டு முடித்த பிறகுதான் மொய் என்பது முறை. மாலையில் தலைவாசலை மூடி எண்ணுவார்கள். இப்போது பணம் எண்ணும் எந்திரம் வந்துவிட்டது. கணினியில் ஏற்றி ரசீது தருகிறார்கள், கொடுத்தவர் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகிறது. வங்கி ஊழியர்கள் பந்தலுக்கே வந்து வைப்பாகக் கட்டிக்கொள்கிறார்கள். 2019 ஆடியில் வடகாட்டில் ஒரே குடும்பத்துக்குச் சுமார் 4 கோடி ரூபாய் விழுந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. அதைப் படித்தபோது எனக்குப் பெருமையைவிடப் பயம்தான் வந்தது. 4 கோடி வாங்கியவர் ஐந்து வருஷத்தில் 4 கோடி திருப்ப வேண்டும். அந்தப் பணம் தோப்பிலோ தொழிலிலோ போடப்பட்டு விளைந்தால் தப்பிக்கலாம். காரிலும் மாடியிலும் போனால்? தாமோதரனின் மூன்று கேள்விகளில் இரண்டாவதற்கு எங்கள் ஊர் அற்புதமான பதில் கண்டுபிடித்துவிட்டது. முதல் கேள்வியைப் பல வீடுகளில் கேட்பதே இல்லை.

பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை, திருப்பாவிட்டால் என்ன செய்ய முடியும்? 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் அடித்தபோது அதற்கும் பதில் பார்த்தேன். ஆலங்குடியிலிருந்து கிழக்கே தென்னையும் பலாவும் வேரோடு கிடந்தன. சித்தப்பாவின் தோப்பில் நின்ற மரங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஓட்டுக் கூரை பிய்ந்து, பரணில் இருந்த மொய் நோட்டுகள் மூன்று நாள் மழையில் ஊறிவிட்டன. நான் போனபோது சித்தி முற்றத்தில் கயிறு கட்டி ஒவ்வொரு தாளாகக் காயப்போட்டிருந்தார். முப்பது, நாற்பது பக்கம் மை கரைந்து நீலமாகிவிட்டது. 'யாரு எம்புட்டுத் தரணும்னு இனிமே எப்புடி அப்பு தெரியும்?' என்று சித்தப்பா திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தை பிறந்ததும் ஒவ்வொருவராக வந்தார்கள். தங்கள் தோப்பும் போனவர்கள்தான். 'அண்ணே, எங்க நோட்டுல ஒங்க பேர்ல மூவாயிரம் இருக்கு, எழுதிக்கங்க' என்று தாங்களே வந்து சொன்னார்கள். ஒவ்வொரு மொய்யும் இரண்டு வீட்டு நோட்டில் இருக்கிறது: வாங்கியவர் வீட்டில் எழுதுவார், செய்தவர் தன் வீட்டில் குறித்துக்கொள்வார். நான் சொல்லிக்கொடுத்த இரட்டைப் பதிவு முறையின் வேறொரு வடிவத்தைத் தங்கள் வீட்டில் வைத்திருந்தவர்கள் அவர்கள். மங்கிய பக்கங்களில் பெரும்பங்கு இப்படியே மீண்டது. ஒரு வீட்டார் மட்டும் வரவில்லை. அவர்கள் தர வேண்டியது பெரிய தொகை. சித்தப்பா கடைசிவரை போய்க் கேட்கவில்லை. அடுத்து அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து யாரும் போகவும் இல்லை. எங்கள் ஊரில் அதற்கு மேல் தண்டனை கிடையாது.

2020-ல் கொரோனா வந்தது. ஆடியில் பந்தல் இல்லை. அந்த வருஷம் முறை வைத்திருந்தவர்கள் அதுவரை ஊரெல்லாம் செய்துவிட்டுத் தாங்கள் வாங்கும் வருஷத்தில் மாட்டிக்கொண்டார்கள். சுழற்சிக் கடனில் சங்கிலி ஒரு கண்ணியில் நின்றால் முன்னால் வாங்கியவருக்கு லாபம், பின்னால் நிற்பவருக்கு அடி. ஐயாவின் தவணையில்லாத மொய்யில் இந்த ஆபத்து இருந்ததில்லை. பொறுத்திருக்கும் பணத்துக்கும் நாள் குறித்த பணத்துக்கும் உள்ள வேறுபாடு கெட்ட வருஷத்தில்தான் தெரியும். கம்பெனிகளுக்கும் அப்படித்தான்.

எனக்குத் தவணை விழுந்ததில் வருத்தமா என்று என் மகள் கேட்டாள். இல்லை. தவணை இல்லாமல் அந்தக் கிணறுகள் வந்திருக்காது, அந்தக் கிணறுகள் இல்லாமல் என் தலைமுறைப் பிள்ளைகள் பாதிப்பேர் படித்திருக்க மாட்டார்கள். என் எம்.காம். படிப்புக்கான பணமே அப்பா போட்ட ஒரு காதணி விழாவில் வந்ததுதான். காது குத்திக்கொண்டது என் கடைசித் தங்கை. விதி ஐந்து வருஷம் என்றாலும், அந்த நோட்டில் இருந்த 212 பேருக்கும் திருப்பிச் செய்து முடிக்க அப்பாவுக்கு ஒன்பது வருஷம் ஆனது. நான் சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகு பாதியை நான் செய்தேன்.

இந்த வரலாற்றை எழுத அரசு ஆவணம் எதுவும் கிடையாது. வங்கியில் இல்லை, தாலுக்கா ஆபீசில் இல்லை, பல்கலைக்கழக நூலகத்தில் இல்லை. மஞ்சள் பூசிய நோட்டுகளில் மட்டும் இருக்கிறது. கணினியில் ஏற்றியாகிவிட்டது என்று கீரமங்கலத்திலும் வடகாட்டிலும் பழைய நோட்டுகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போடுவதைக் கண்ணால் பார்த்தேன். கணினியில் ஏற்றுவது நிலுவையில் நிற்கும் தொகையை மட்டும். தீர்ந்துபோன கணக்கையும் அதன் 'செ' நாளையும் யாரும் ஏற்றுவதில்லை. எத்தனை வருஷம் நின்றது, நெல்லாக வந்ததா காசாக வந்ததா, தவணை எந்த வருஷத்தில் எந்த ஊரில் விழுந்தது என்பதெல்லாம் அந்தத் தீர்ந்த கணக்குகளில்தான் இருக்கின்றன. ஆலங்குடி, அறந்தாங்கி, பேராவூரணிப் பக்கத்து வீடுகளில் இதைப் படிப்பவர்கள் 1990-க்கு முந்தைய நோட்டு ஒன்றாவது வைத்திருந்தால் தயவுசெய்து கடைக்குப் போடாதீர்கள். வீட்டு மானம் என்று நினைத்தால் பெயரை மறைத்தாவது படி எடுத்து, பக்கத்துக் கல்லூரியின் வணிகவியல் துறையிலோ மாவட்ட நூலகத்திலோ கொடுங்கள்.

ஐயாவின் 1948 நோட்டில் ஓரத்தில் இன்னும் 'செ' விழாத பெயர்கள் நான்கு இருக்கின்றன. அவர்களில் தேங்காயும் வெற்றிலையும் கொடுத்தவரும் ஒருவர். அந்த நான்கு வீட்டுப் பேரப்பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.